கண்ணாடிக்கு அடியில் ஒரு ரோஸ் ஃபார்ம்

"அக்கா, இனிமே நம்ம செக்‌ஷன்ல சீலே கிடையாது" என்றாள் நிவேதா போனில். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். வண்டலூர் தாண்டி, ஒரு பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூல் அலுவலகம். எம்.பி.ஏ. படிப்பவர்களுக்கான கட்டடம் அது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அதே பல்கலைக்கழகத்தின் பி.காம்., பி.எஸ்ஸி. வகுப்புகள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் மூன்றாம் வருஷத்தில் விரும்பினால் ரோட்டைத் தாண்டி வந்து எங்களிடம் ஒரு பேப்பர் படிக்கலாம். அந்த மார்க் அவர்கள் டிகிரியில் சேரும். அந்தப் பிள்ளைகளை உள்ளே சேர்க்கும் காகித வேலைதான் இருபத்தாறு வருஷம் என் சோறு. ஐம்பத்திரண்டு வயதில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு முட்டி வலி என்று சொன்னேன்.

"பசங்க பஸ்ல தொங்கிக்கிட்டே போன்ல பேப்பர் எடுத்துடறாங்கக்கா. புதுசா வந்திருக்கற மூணு பேருக்கும் ரோஸ் ஃபார்ம்னா என்னன்னே தெரியல. பழைய முறை எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"எழுதறேன்" என்றேன்.

"அப்புறம் ஒண்ணு. உங்க டேபிளைக் கழிச்சுப் போடறாங்க. மேல கண்ணாடியைத் தூக்கினா, அடியில இத்தனை வருஷ லீவு லிஸ்ட்டும் அடுக்கா இருக்கு. எல்லாத்துக்கும் கீழ ஒரு ரோஸ் ஃபார்ம் பச்சைத் துணியோட ஒட்டிக்கிட்டிருக்கு. கௌரின்னு ஒரு பொண்ணு. சீல் இல்ல. கிழிச்சுடலாமா?"

ஜன்னலுக்கு வெளியே தாம்பரம் போகும் ரயில் ஒன்று கடந்தது.  

"கிழிக்காத" என்றேன்.

அவள் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். கொஞ்சம் நீளும்.

முதலில் முறை. ஃபார்ம் ரோஸ் நிறம். எம்.பி.ஏ. பிள்ளைகளுடையது வெள்ளை; கலந்துவிடக் கூடாது என்று நிறத்தால் பிரித்திருந்தார்கள். அதில் மூன்று கையெழுத்து வேண்டும். பிள்ளையின் சொந்தத் துறைத் தலைவர், எங்கள் பேப்பரை நடத்தும் ஆசிரியர், கடைசியாக எங்கள் அலுவலகத் துணைப் பதிவாளர். நான் வாங்கி, தேதி சீலைக் குத்தி, வருகிற தாள்களைப் பதியும் இன்வர்ட் புத்தகத்தில் வரிசை எண் போட்டு, அவர் மேசைக்கு அனுப்ப வேண்டும். சீல் விழுந்த நிமிஷத்திலிருந்து மூன்று வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஃபார்ம் திரும்பிவிடும். திரும்பிய பிள்ளை அந்தப் பருவத்தில் அதே பேப்பருக்கு மறுபடி மனு போட முடியாது.

இது எழுதிவைத்த விதி. எழுதாத விதி ஒன்றும் இருந்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார். குறையுள்ள ஃபார்மில் சீல் குத்தாதே. கண்ணாடிக்கு அடியில் செருகிவை. சீல் விழாதவரை அதற்கு நாள்கணக்குக் கிடையாது, யாரும் திருப்ப முடியாது. பிள்ளையை வகுப்பில் போய் உட்காரச் சொல். ஆசிரியர் வருகைத் தாளின் அடியில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொள்வார். கையெழுத்து வந்ததும் நீ சீல் குத்து, அவர் பேனாவால் மேலே எழுதிக்கொள்வார்.

என் பயிற்சிக் காலம் என்று சொன்னால் இவ்வளவுதான். மீதி வருஷமெல்லாம் இதையே செய்துகொண்டிருந்தேன். மேசையின் பச்சைத் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ரோஸ் நிறமாக எத்தனை பிள்ளைகள் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஆடி மாதக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் நான் கண்ணாடிமேல் கையை வைத்து அழுத்திக்கொள்வேன், அவர்கள் பறந்துவிடுவார்கள் என்பதுபோல. அது இரக்கம் என்று நினைத்திருந்தேன். இரக்கம்தான். ஆனால் அதற்கு ரசீது கிடையாது.

துணைப் பதிவாளர் ஜெயசீலன் சார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, மையூற்றும் பேனா. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனாவின் மூடியைத் திறப்பார், போட்டதும் மூடுவார், அடுத்த தாளுக்கு மறுபடி திறப்பார். "மொத்தமா தொறந்து வெச்சா கை பாட்டுக்குப் போடும்ங்க. மூடித் தொறந்தாத்தான் கண்ணு படிக்கும்" என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவரிடம் இரண்டு வாக்கியங்கள் உண்டு, அலுவலகமே மனப்பாடமாக வைத்திருந்தது. "பார்ப்போம்" என்றால் நடக்காது. "வச்சிட்டுப் போங்க" என்றால் நடந்துவிட்டது. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் நிமிர்ந்துவிடுவோம்.

கௌரி கீழ்க்கட்டளையிலிருந்து வந்தவள். பி.காம்., மூன்றாம் வருஷம். ஒல்லியாக, பெரிய ஸ்டீல் தண்ணீர் பாட்டிலோடு வருவாள். எங்கள் செலவுக் கணக்கியல் பேப்பரைக் கேட்டாள். எம்.பி.ஏ. பிள்ளைகளே பயந்து ஒதுங்கும் பேப்பர் அது.

"ஏம்மா, இதை விட்டா வேற கெடைக்கலியா?" என்றேன்.

"எங்கப்பா ஷேர் ஆட்டோ ஓட்றாரு மேம். ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப் அடிச்சா கட்டுப்படியாகும்னு அவருக்கே தெரியாது. நான் ஒரு தடவை போட்டுப் பாத்தேன், வரல. இதுல சொல்லித் தருவாங்களாமே."

அவள் துறைத் தலைவர் அப்போது அறுவை சிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் இருந்தார். பொறுப்பில் இருந்தவர், மேடம் வரட்டும் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ரோஸ் ஃபார்மோடு அவள் என் எதிரில் நின்றாள். ஆசிரியர் கையெழுத்து மட்டும் இருந்தது.

"குடு இப்படி" என்று வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். "நீ போய் கிளாஸ்ல உக்காரு. உங்க மேடம் வந்ததும் நானே அனுப்பி வாங்கிக்கறேன்."

"நான் எதுவும் பண்ண வேணாமா மேம்?"

"படி. அது போதும்."

அந்த 'போதும்' இன்னும் என் வாயில் கிடக்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அடுத்த வாரம் எம்.பி.ஏ. சேர்க்கை ஆரம்பித்தது. மேசைமேல் விண்ணப்பக் கட்டுகள் ஏறின. ஒரு கட்டின்மேல் இன்னொரு கட்டு, அதன்மேல் என் டிபன் டப்பா. கண்ணாடி மறைந்துபோனது. அவள் துறைத் தலைவர் திரும்பி வந்தார், நான் போய்க் கேட்கவில்லை. மறந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று எதையாவது எழுதத்தான் கை போகிறது. அதெல்லாம் அந்த மாதம் இல்லை. வெறுமனே மறந்தேன்.

மூன்று மாதம் அவள் வந்தாள். மதியம் இரண்டு மணி வகுப்புக்கு வேகாத வெயிலில் ரோட்டைத் தாண்டி ஓடி வருவாள். என் ஜன்னலைக் கடக்கும்போது கை காட்டுவாள். நானும் காட்டுவேன். கையைக் காட்டிய நூறு முறையில் ஒருமுறைகூட எனக்கு அந்த ஃபார்ம் நினைவுக்கு வரவில்லை என்பதை யோசித்தால் மனித மண்டையைப் பற்றியே பயமாக இருக்கிறது.

பரீட்சையும் எழுதினாள். ஆசிரியர் விடைத்தாள் கட்டோடு என் மேசைக்கு வந்து, "உங்க பென்சில் பொண்ணுதாங்க ஃபர்ஸ்ட். நம்ம ஆளுங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டா" என்று சிரித்தார்.

பென்சில் பொண்ணு. அந்த வார்த்தையில்தான் எனக்கு அந்த ஃபார்ம் நினைவுக்கு வந்தது. அவர் நகர்ந்ததும் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். கண்ணாடி தெரிந்தது. உள்ளே ரோஸ் நிறம். எப்போதோ சிந்திய டீ கண்ணாடி ஓரமாக இறங்கி, ஃபார்மைப் பச்சைத் துணியோடு ஒட்டவைத்திருந்தது.

இன்வர்ட் புத்தகத்தில் எண் இல்லாத பிள்ளைக்கு ரிசல்ட் தாளில் வரி கிடையாது. வரி இல்லையென்றால் மார்க் இல்லை. மார்க் இல்லையென்றால் டிகிரியில் ஒரு பேப்பர் குறைவு. ஓ.எம்.ஆர். ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனி அவளைக் கேம்பஸில் எடுத்திருந்தது. ஜூனுக்குள் எல்லா பேப்பரும் முடிந்த சான்று கொடுத்தால்தான் வேலை என்று எழுதிக் கொடுத்திருந்தது. இதை எனக்குச் சொன்னவள் கௌரிதான், ஸ்வீட் பாக்ஸோடு வந்து, ஒரு மாதம் முன்னால்.

மறுநாள் தயாரான ரிசல்ட் தாளில் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டு அப்பாவும் மகளும் வந்தார்கள். ஜெயசீலன் சார் அறையில் நாங்கள் நால்வர். அப்பா காக்கிச் சட்டை, தோளில் துண்டு. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சார், நான் படிக்காதவன். எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் பொண்ணு தெனம் இங்க வந்துகினு இருந்துது. பாதி நாளு நாந்தான் வண்டில இட்டாந்து வுட்டேன். பரிச்ச எழுதிக்கீது, மார்க் வாங்கிக்கீது. இப்ப பேரே இல்லன்னா இன்னா சார் அர்த்தம்? ஒரு சீலுக்கா இம்மாம் பேஜாரு?"

சார் அவர் முடிக்கும்வரை கேட்டார். பிறகு கௌரியிடம், "ஃபார்ம் குடுத்தியாம்மா?" என்றார்.

"குடுத்தேன் சார்."

அவள் என்னைப் பார்த்தாள். குற்றம்சாட்டும் பார்வை இல்லை. வகுப்பில் பதில் மறந்தவள் பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "ஃபார்ம் வந்துச்சாங்க?"

நான் சொன்னேன்: "இன்வர்ட்ல இல்ல சார்."

உண்மை. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் நிற்கிற உண்மை. இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன ஒரே பொய்யும் அதுதான்.

சார் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மேசைமேல் வைத்தார்.

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "குட்த்தியா, இல்லியா? வாயத் தொறந்து சொல்லு."

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியை ஒருமுறை திருகினாள். "எங்க டிபார்ட்மெண்ட் கையெழுத்து வாங்காம விட்டுட்டேன்ப்பா. என் தப்புதான்."

அந்த மனிதர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. சத்தம் போடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சார். நாங்க வர்றோம் சார்" என்றார். அதுவரை எங்கள்மேல் இருந்த கோபத்தை மடித்து மகள்மேல் வைத்துக்கொண்டு போனார்.

"பார்ப்போம்" என்றார் சார், மூடிய கதவைப் பார்த்து.

வராந்தாவில் அப்பாவை முன்னால் போகவிட்டு கௌரி பின்தங்கினாள். "எல்லார் முன்னாலயும் உங்களை மாட்டிவிட வேணாம்னுதான் மேம் சொல்லல. நீங்க தனியா சார்கிட்ட சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன்மா."

அன்று மதியம் சாப்பிடவில்லை. தேதி சீலைக் கையில் எடுத்து அதன் ரப்பர் சக்கரத்தைப் பின்னால் திருப்பினேன். மே, ஏப்ரல், மார்ச் என்று மாதங்கள் விரலுக்கடியில் ஓடின. எவ்வளவு சுலபம். ஆனால் இன்வர்ட் புத்தகத்தில் அவள் ஃபார்ம் கொடுத்த தேதியில் வரிக்கும் வரிக்கும் நடுவே நூல் நுழைய இடமில்லை. சக்கரத்தை மறுபடி முன்னால் திருப்பிவைத்தேன். வழி இருந்தது ஒன்றுதான். கண்ணாடியைத் தூக்கி, ஃபார்மை உரித்து எடுத்து, சார் மேசையில் வைத்து, இது என்னிடம் இருந்தது என்று சொல்வது. அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. மெமோ வரும், பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது, அது போகும். அவ்வளவுதான் போகும்.

ஃபார்மை எடுக்காமல் எழுந்து போனேன். முதலில் வாயால் சொல்லிப் பார்ப்போம், பிறகு எடுத்து வருவோம் என்று ஒரு கோழைக் கணக்கு. சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்தார், போட்டார், மூடினார். வாசலில் என் நிழலைப் பார்த்திருப்பார். நிமிரவில்லை.

"வச்சிட்டுப் போங்க" என்றார்.

என் கையில் ஒன்றும் இல்லை.

 மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து சிங்கம் ஒருமுறை உறுமியது. அந்த நேரத்துக்குத் தினமும் உறுமும், யாரும் தலை தூக்க மாட்டோம். திரும்பி வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். அந்த வருஷத்து விடுமுறைப் பட்டியலை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில், ரோஸ் ஃபார்முக்கு மேலே, நேராகச் செருகினேன்.

கௌரி அடுத்த வருஷம் வேறொரு பேப்பர் படித்து டிகிரியை முடித்தாள். வேலை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. எனக்கு அதே நாற்காலியிலேயே பதவி உயர்வு வந்தது. எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தேன்.

ஜெயசீலன் சார் ஓய்வு பெற்ற நாளில், மாலையும் பேச்சும் முடிந்து, லிஃப்ட் வரைக்கும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். லிஃப்ட் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"நானும் உங்க சீட்ல உக்காந்தவன்தாங்க" என்றார் திடீரென்று. "கண்ணாடிக்கு அடியில நானும் வெச்சிருக்கேன்."

நான் பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தக் கீழ்க்கட்டளைப் பொண்ணு ஃபார்ம் அங்கதான் இருக்கும்னு எனக்குத் தெரியும். நானே வந்து எடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். நீங்க கொண்டாருவீங்கன்னு ரெண்டு நாள் ரிசல்ட் தாளை அனுப்பாம வெச்சிருந்தேன்."

லிஃப்ட் வந்தது. பையை வாங்கிக்கொண்டார். "அதுவும் தப்புதான். எடுத்திருக்கணும்" என்றார். கதவு மூடியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் பழைய பட்டியலின் மேல் புதுப் பட்டியலைச் செருகினேன். நான் விட்டுவந்த கடைசி நாளில்கூடக் கண்ணாடியைத் தூக்கவில்லை. முட்டி வலி என்று சொன்னேன் அல்லவா. அந்த மேசைக்கு அடியில் கால் நீட்டி உட்கார முடியாமல் போனதுதான் வலி.

போன வருஷம் பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் யாரோ கையைப் பிடித்தார்கள். கௌரி. கோவிலம்பாக்கத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாளாம். அதே கீழ்க்கட்டளை வீடுதான். அப்பாவும் கூட இருக்கிறார். கல்யாணமாகி ஒரு பையன். "அந்த மூணு மாசம் கிளாஸ் சூப்பரா இருந்துச்சு மேம். நீங்க உக்கார வெச்சதாலதான்" என்று பழக்கடைக்காரர் பார்க்க என்னைக் கட்டிக்கொண்டாள். சார்கிட்ட சொன்னீங்களா என்று கேட்கவில்லை. சொன்னேன், நடக்கவில்லை என்றுதான் நினைத்திருக்கிறாள். நான் ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கி அவள் பையில் போட்டேன்.

நிவேதா போன் செய்த மறுநாள் போனேன். மேசை வராந்தாவில் கவிழ்க்கத் தயாராக நின்றது. தண்ணீர் தொட்டுத் தொட்டு ஃபார்மை உரித்தேன். ஒரு ஓரம் மட்டும் பச்சைத் துணியிலேயே தங்கிவிட்டது. பழைய சீல் டிராயரில் இருந்தது. இன்றைய தேதியைக் குத்தலாம் என்று சக்கரத்தைத் திருப்பினேன். வருஷப் பட்டையில் இந்த வருஷமே இல்லை, எப்போதோ முடிந்துபோயிருந்தது. நிவேதா பேனா கொடுத்தாள். சீலுக்கான காலிக் கட்டத்தில் கையால் எழுதினேன்: இந்த ஃபார்ம் உரிய காலத்தில் என்னிடம் தரப்பட்டது. சீல் போடாமல் வைத்தவள் நான். மறந்தவள் நான். தெரிந்தபின் மறைத்தவளும் நான். கீழே பெயர், கையெழுத்து.

"இதை எந்த ஃபைல்லக்கா சேக்கறது?" என்றாள் நிவேதா.

"எதுலயும் இல்ல" என்று எடுத்துக்கொண்டு தாம்பரம் வந்து பஸ் மாறினேன். ஃபார்மில் இருந்த முகவரி அழியாமல் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். கதவு திறந்தே இருந்தது. வாசலில் ஆட்டோ, மேலே உறை போட்டு மூடி. கௌரி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள், சிரித்தாள், ஃபார்மைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"அன்னைக்கு நாங்க சார் ரூம்ல நின்னப்போ இது உங்க டேபிள்லயேவா மேம் இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"சார்கிட்ட அப்புறமா..."

"சொல்லல."

அவள் ஃபார்மை மடிக்கவில்லை. ஓரத்தில் கிழிந்திருந்த இடத்தை விரலால் நீவினாள். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

"வேலை போச்சுன்னுகூட எனக்கு ரொம்ப இல்ல மேம்" என்றாள். "அப்பாதான். இன்னிக்கு வரைக்கும் எந்த ஃபார்ம் வந்தாலும், பேங்க்கா இருக்கட்டும், ரேஷன் கார்டா இருக்கட்டும், எங்கிட்ட தர மாட்டாரு. 'நீ எங்கனா வுட்டுடுவ'ன்னு அவரே எடுத்துட்டுப் போயி யாரையாவது புடிச்சு ஃபில் பண்ணுவாரு. ஒரு கம்பெனிக்கே கணக்குப் பாக்கறேன் மேம் நான்."

நான் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தேன். அவள் தலையை ஆட்டி நிறுத்தினாள். ஃபார்மை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பா உள்ளதான் இருக்காரு. எங்கிட்ட வேணாம் மேம். அவர்கிட்ட சொல்லுங்க."

செருப்பைக் கழற்றினேன்.